இரண்டு வருட கிரீன் கார்ட்டை நிரந்தரமாக்குவது: திருகோணமலையிலிருந்து கலியாணம் கட்டிப் போவோருக்கு

அமெரிக்காவில் இருப்பவரைக் கலியாணம் கட்டி, கொழும்புத் தூதரகத்தில் விசா எடுத்து, கட்டுநாயக்காவில் விமானம் ஏறியதும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் திருகோணமலையில் பல வீடுகளில் நினைக்கிறார்கள். முடிவதில்லை. கலியாணம் பதிந்து இரண்டு வருடம் ஆகுமுன் அங்கே இறங்குபவருக்குக் கிடைப்பது நிபந்தனையுள்ள வதிவிடம்தான். கார்ட்டும் இரண்டு வருடத்துக்குத்தான். அது காலாவதியாகுமுன் ஐ-751 என்ற விண்ணப்பத்தைப் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். போடாவிட்டால் வதிவிட உரிமை தானாகவே முடிந்துவிடும், குடிவரவு நீதிமன்றத்துக்கு அழைப்பும் வரலாம்.

1986இல் பொய்க் கலியாணங்களைத் தடுக்க வந்த சட்டம் இது. ஆனால் இதில் சிக்கிக்கொள்பவர்கள் பொய்க் கலியாணம் செய்தவர்கள் மட்டுமல்ல. உண்மையாகச் சேர்ந்து வாழ்ந்தும், அதைக் காட்டக் கையில் ஒரு தாள் இல்லாதவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். நம் குடும்பங்களில் வீடு மாமனார் பெயரில் இருக்கும், கார் கணவர் பெயரில் இருக்கும், மின்சார பில் மைத்துனர் பெயரில் வரும். புதிதாகப் போன மருமகளின் பெயர் ஒரு கடித உறையில்கூட இருக்காது. அதனால் இந்த வேலையைக் கார்ட் முடியும் நேரத்தில் தொடங்கக்கூடாது. இறங்கிய வாரத்திலேயே தொடங்க வேண்டும். (கீழே பெரும்பாலும் மனைவி போவதாகவே எழுதியிருக்கிறோம். கணவர் போனாலும் விதி ஒன்றுதான்.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது அமெரிக்காவின் விதி. கனடாவில் இருந்த இதுபோன்ற இரண்டு வருட நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் முதலில் 33 மாத விசா, பிறகு 30 மாத நீடிப்பு, ஐந்து வருடம் முடிந்தபின் நிரந்தர வதிவிடம். அவுஸ்திரேலியாவில் 309 என்ற தற்காலிகத் துணை விசாவிலிருந்து 100 என்ற நிரந்தர விசாவுக்குப் போகும் இரண்டாம் கட்டம், விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது. லண்டன் சித்தியும் மெல்பேர்ண் அண்ணாவும் அன்போடு சொல்லும் ஆலோசனை அவரவர் நாட்டுக்குச் சரி. இங்கே பொருந்தாது.

எந்தத் திகதியிலிருந்து இரண்டு வருடம்?

நம்மூரில் பலர் கலியாண எழுத்தை முதலில் முடித்துவிட்டு, விசா வேலை நகரும் நேரத்தில் கோயிலில் தாலி கட்டுகிறார்கள். அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களம் பார்ப்பது விவாகப் பதிவுச் சான்றிதழில் உள்ள திகதியைத்தான். பத்திரகாளி அம்மன் கோயிலில் நடந்த கலியாணம் ஒன்றரை வருடம் பிந்தியது என்பது இந்தக் கணக்கில் வராது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நிக்காஹ் செய்தவர்களுக்கும் சான்றிதழில் உள்ள திகதியே கணக்கு.

மற்ற முனை விசா கிடைத்த நாள் அல்ல, அமெரிக்காவில் இறங்கிய நாள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிலருக்கு ஒரு வழி தெரியும். 2024 பெப்ரவரி 12 அன்று எழுத்து முடித்தவருக்கு 2026 ஜனவரியில் விசா கிடைக்கிறது என்று வையுங்கள். அவர் பெப்ரவரி 10 அன்று இறங்கினால் சி.ஆர்.1, அதாவது இரண்டு வருடக் கார்ட். பெப்ரவரி 13 அன்று இறங்கினால் ஐ.ஆர்.1, பத்து வருடக் கார்ட், ஐ-751 தேவையே இல்லை. மூன்று நாள் பொறுத்ததால் 750 டொலர் விண்ணப்பக் கட்டணமும் வருடக்கணக்கான காத்திருப்பும் மிச்சம். குடிவரவு விசா பொதுவாக ஆறு மாதம் வரை செல்லும். மருத்துவப் பரிசோதனையின் காலம் முன்பே முடிந்தால் விசாவும் அதோடு முடியும். ஆகவே டிக்கெட் போடுமுன் விசாவில் உள்ள கடைசித் திகதியையும் பதிவுச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசாவில் சி.ஆர்.1 என்று அடித்திருந்தாலும், இரண்டு வருடம் கடந்தபின் இறங்கினால், விமான நிலைய அதிகாரியிடம் சான்றிதழின் பிரதியைக் காட்டி, பிரிவை ஐ.ஆர்.1 ஆக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே தவறினால் பிறகு கார்ட்டை மாற்றக் கேட்கும் ஐ-90 படிவம் போட்டுத் திருத்த வேண்டிவரும்.

வருங்காலத் துணையாக கே-1 விசாவில் போய் அங்கே கலியாணம் கட்டியவர்களுக்கும் பொதுவாக இரண்டு வருடக் கார்ட்தான் வரும். அவர்களுக்கும் கீழே சொல்வது எல்லாம் அப்படியே பொருந்தும்.

90 நாள் வாசல்

கணவனும் மனைவியும் சேர்ந்து போடும் விண்ணப்பத்தை, கார்ட் காலாவதியாகும் நாளுக்கு முந்திய 90 நாட்களுக்குள் போட வேண்டும். கார்ட்டில் 2027 ஒக்டோபர் 15 என்று இருந்தால், வாசல் திறப்பது 2027 ஜூலை 17. அதற்கு முன் போய்ச் சேர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண்ணுவது தபாலில் போட்ட நாளை அல்ல, அவர்கள் கையில் கிடைத்த நாளை. மூன்று மாதம் என்று மனக்கணக்கு போடாதீர்கள். மாதங்களுக்கு 30ம் 31ம் நாள் இருப்பதால் இரண்டொரு நாள் பிசகும். நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள்.

வாசல் திறந்து இரண்டாவது வாரத்தில் போய்ச் சேர்வது நல்லது. கையெழுத்து விடுபட்டதென்றோ கட்டணம் பிழையென்றோ திரும்பி வந்தாலும், திருத்தி மீண்டும் அனுப்ப இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். கடைசி வாரத்தில் அனுப்பியது திரும்பி வந்தால் கார்ட் செத்துவிடும். பிந்திப் போடவும் இடம் உண்டு. ஆனால் பிந்தியதற்குத் தக்க காரணத்தை எழுதி, மருத்துவமனைப் பத்திரம் போன்ற ஆதாரத்தோடு வைக்க வேண்டும். “மறந்துவிட்டோம்” என்பது காரணமாகாது.

திணைக்களம் நினைவூட்டிக் கடிதம் போடும் என்று நம்பியிருக்க வேண்டாம். இந்தத் திகதியைக் கணவரின் போனில் மட்டும் வைக்காமல் உங்கள் போனிலும் வையுங்கள், திருகோணமலையில் அம்மா வீட்டு நாட்காட்டியிலும் எழுதி வையுங்கள்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

பலர் கலியாண அல்பத்தைத்தான் பெரிய ஆதாரம் என்று நினைக்கிறார்கள். மண்டபம், மணவறை, நாலு புடவை மாற்றம், இருநூறு படம். விசா கொடுக்கும்போதே கலியாணம் நடந்ததைப் பார்த்துவிட்டார்கள். இப்போது அவர்கள் தேடுவது கலியாணத்துக்குப் பிறகு நடந்த வாழ்க்கையை. பதிவு நாளிலிருந்து விண்ணப்பம் போடும் நாள் வரை, இடைவெளி இல்லாமல், இருவரும் ஒரே வீட்டில் இருந்து காசையும் பொறுப்பையும் பகிர்ந்துகொண்டதைத் தாள்கள் காட்ட வேண்டும்.

கனமானவை முதலில். பிள்ளை பிறந்திருந்தால் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ். இருவர் பெயரிலும் உள்ள வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் பத்திரம். கூட்டாகப் போட்ட வருமான வரிப் படிவம். நடமாட்டம் உள்ள கூட்டு வங்கிக் கணக்கு. மருத்துவக் காப்புறுதியில் துணையாகச் சேர்த்தது. ஆயுள் காப்புறுதியிலும் வேலையிட ஓய்வூதியக் கணக்கிலும் ஒருவருக்கு ஒருவர் பயனாளி என்று எழுதியது.

கூட்டுக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பிழைப்பது அங்கேதான். விண்ணப்பத்துக்கு முந்திய மாதம் திறந்து, நூறு டொலர் போட்டு, அப்படியே விட்ட கணக்கு எதையும் காட்டாது. சந்தேகத்தைத்தான் கூட்டும். நல்ல கணக்கின் ஒரு மாத அறிக்கை இப்படி இருக்கும்: முதலாம் திகதி வாடகை போகிறது. ஐந்தாம் திகதி கணவரின் சம்பளம் வருகிறது. ஏழாம் திகதி மனைவியின் கார்ட்டில் தமிழ்க்கடையில் அரிசி, தூள், தேங்காய்ப்பால். பன்னிரண்டாம் திகதி மின்சாரமும் போன் பில்லும். இருபதாம் திகதி உப்புவெளியில் உள்ள மாமிக்குக் காசு அனுப்பியது. மாத முடிவில் மனைவியின் பகுதிநேர வேலைச் சம்பளம். இப்படி ஒரு தாளே ஒரு குடும்பம் நடப்பதைச் சொல்லிவிடும். இருபத்துநாலு மாத அறிக்கையையும் அடுக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக, தொடக்கத்திலிருந்து இன்றுவரை எடுத்தால் போதும்.

மாமனார் வீட்டில் இருப்பவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் இருக்காது. இது நம் ஆட்களுக்கே உரிய சிக்கல், தீர்வும் உண்டு. வீட்டுக்காரரான மாமனார், இருவரும் எந்தத் திகதியிலிருந்து தன் வீட்டில் இருக்கிறார்கள், வாடகை கொடுக்கிறார்களா இல்லையா என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும். வீடு அவருடையது என்பதற்கு வரிச் சீட்டின் பிரதியை அதோடு வையுங்கள். பிறகு அந்த முகவரிக்கு இருவர் பெயரிலும் தனித்தனியே கடிதம் வரச் செய்யுங்கள். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி, காப்புறுதி, வேலையிடச் சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் ஒரே முகவரி இருக்கட்டும். முடிந்தால் இணைய இணைப்பையோ போன் திட்டத்தையோ உங்கள் இருவர் பெயருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். மாமனாரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். அவர் மறுக்க ஒரு காரணமும் இல்லை.

வரிப் படிவம் இன்னொரு குழி. கலியாணம் கட்டியபிறகும் பழைய பழக்கத்தில் தனியாள் என்று வரி போட்ட கணவர்கள் இருக்கிறார்கள். குடும்பத் தலைவர் என்ற பிரிவில் போட்டால் கழிவு கூடக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்துகொண்டு அப்படிப் போடுவது வரிச் சட்டத்திலும் பிழை, இந்தக் கோப்பிலும் பெரிய ஓட்டை. விண்ணப்பம் போடுமுன் 1040-எக்ஸ் படிவத்தால் திருத்துங்கள். அனுப்பும்போது வீட்டில் அச்சடித்த பிரதியைவிட, வரித் திணைக்களமே தரும் வரிப் பதிவுச் சுருக்கம் நல்லது. அது இலவசம்.

படங்கள் வேண்டும், ஆனால் பதினைந்து இருபது போதும். இரண்டு வருடத்திலும் பரவியிருக்கட்டும். இரு பக்கத்துக் குடும்பமும் நண்பர்களும் அதில் இருக்கட்டும். கோணேசர் கோயிலுக்குப் போன படம், பிள்ளையின் துடக்குக் கழிவு, தைப்பொங்கல், வேலையிட விருந்து என்று பலதும் கலந்து எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர்களின் பெயர். வாட்ஸ்அப் உரையாடலை நூறு பக்கம் அச்சடிக்க வேண்டாம். நீங்கள் பிரிந்திருந்த காலம் இருந்தால் மட்டும், அந்தக் காலத்து அழைப்புப் பட்டியலில் சில பக்கம் வைத்தால் போதும்.

கணவர் வேலைக்காக வேறு மாநிலத்தில் இருந்தாலும் விண்ணப்பம் கெட்டுப்போகாது. ஏன் பிரிந்திருக்கிறீர்கள், எத்தனை நாளுக்கொருமுறை சந்திக்கிறீர்கள், செலவை யார் பார்க்கிறார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, டிக்கெட்டுகளையும் வேலைக் கடிதத்தையும் வையுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை. முகவரி இரண்டாக இருப்பது எப்படியும் அவர்களுக்குத் தெரியும்.

சத்தியக்கடதாசி

உங்கள் இருவரையும் நிபந்தனை வதிவிடம் கிடைத்த காலத்திலிருந்து அறிந்த குறைந்தது இரண்டு பேரிடம் எடுங்கள். எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த திகதியும் இடமும், உங்களுக்கு என்ன உறவு, உங்கள் கலியாண வாழ்க்கை எப்படித் தெரியும் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். “இவர்கள் மிகவும் அன்பான தம்பதி” என்ற வரியால் பயனில்லை. “கடந்த மார்ச்சில் இவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது மனைவி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் தங்கினார், பிள்ளையை நான் பார்த்துக்கொண்டேன்” என்ற வரி வேலை செய்யும். திருகோணமலையில் உள்ள அம்மா எழுதலாம்தான். என்றாலும் அங்கே உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பக்கத்து வீட்டாரோ வேலையிடத்து நண்பரோ எழுதினால் கனம் கூட. இரண்டு கடதாசியிலும் ஒரே வசனங்கள் இருந்தால் அதிகாரி உடனே கவனிப்பார். மாதிரிப் பிரதி கொடுக்காதீர்கள். சத்தியக்கடதாசி தனியாக நின்று கோப்பைத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அது மற்றத் தாள்களுக்குத் துணை மட்டுமே.

ஊர்ப் பத்திரங்களும் பெயரும்

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள எந்தப் பத்திரத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தான் இரு மொழியும் அறிந்தவர், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊரில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்தாலும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்து அந்த வரி இல்லாமலும் வருகிறது. ஓரத்தில் உள்ள றப்பர் முத்திரை, கையால் எழுதிய குறிப்பு எல்லாமே மொழிபெயர்க்கப்பட வேண்டும்.

விவாகச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் போகுமுன் ஒன்றுக்கு மூன்று பிரதியாகப் பிரதேச செயலகத்தில் எடுத்துவிடுங்கள். அங்கே போனபிறகு அப்பாவைப் பட்டினமும் சூழலும் செயலகத்துக்கு அலைய விடவேண்டாம். மூலத்தை அனுப்பாதீர்கள், பிரதிதான் அனுப்ப வேண்டும். ஊரில் எடுத்த பிரதி ஏ4 அளவிலோ அதைவிட நீளமாகவோ இருக்கும். அமெரிக்காவில் எட்டரைக்குப் பதினொரு அங்குலத் தாள். முத்திரை வெட்டுப்படாமல் சற்றுச் சுருக்கிப் பிரதி எடுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னே, உங்கள் பெயர் பின்னே. வங்கியில் கணவரின் பெயர் குடும்பப் பெயராக. சாரதி அனுமதிப்பத்திரத்தில் இன்னொரு வரிசை. பார்ப்பவருக்கு மூன்று பெண்கள் போல இருக்கும். ஐ-751 படிவத்தில் வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் புழங்கிய எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். முகப்புக் கடிதத்திலும் “இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்” என்று ஒரு வரி போடுங்கள். அதைவிட நல்லது, இறங்கிய முதல் மாதத்திலேயே எல்லா இடத்திலும் கிரீன் கார்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுப்பது.

படிவம், கட்டணம், உறை

படிவத்தைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து அனுப்பும் வாரத்தில் இறக்குங்கள். அடியில் பதிப்புத் திகதி இருக்கும். பழைய பதிப்பென்றால் திருப்பிவிடுவார்கள். பிள்ளைகளைப் பற்றிய பகுதியில் எல்லாப் பிள்ளைகளையும் எழுத வேண்டும், ஊரில் அம்மம்மாவுடன் இருக்கும் பிள்ளை உட்பட. உங்களோடு ஒரே நாளிலோ 90 நாளுக்குள்ளோ நிபந்தனை வதிவிடம் பெற்ற பிள்ளையை உங்கள் விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். அதற்குப் பிந்தி வந்த பிள்ளைக்குத் தனி விண்ணப்பம் வேண்டும்.

சேர்ந்து போடும்போது இரண்டு கையெழுத்தும் கட்டாயம், மையால் இட்டதாக இருக்க வேண்டும். மையால் இட்ட கையெழுத்தை ஸ்கான் செய்து அச்சடித்த பக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருவர் ஊரில் நிற்கும் நேரத்தில் இது பெரிய உதவி.

கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 750 டொலர், கைரேகைக் கட்டணமும் அதற்குள். 2025 ஒக்டோபர் கடைசியிலிருந்து காசோலையும் மணி ஓடரும் எடுப்பதில்லை. கடன் அட்டையால் கட்ட ஜி-1450 படிவம், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து கட்ட ஜி-1650 படிவம். கடன் அட்டையில் போதிய வரம்பு இருக்கிறதா என்று முதலே பாருங்கள். வங்கி மறுத்தால் முழுக் கோப்பும் திரும்பும். அனுப்பும் முகவரி நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. கட்டணத்தையும் முகவரியையும் அனுப்பும் நாளில் இன்னொருமுறை பாருங்கள்.

அடுக்கும் வரிசை: கட்டணப் படிவம், முகப்புக் கடிதம், ஐ-751, கிரீன் கார்ட்டின் முன்பக்கமும் பின்பக்கமும், பிறகு ஆதாரங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தலைப்புத் தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள். பிளாஸ்டிக் உறையும் தடித்த பைண்டிங்கும் வேண்டாம், ஸ்கான் செய்ய முன் கழற்றித்தான் எடுப்பார்கள். முழுக் கோப்பையும் ஸ்கான் செய்து உங்களிடம் ஒரு பிரதி வையுங்கள். பதிவு எண் உள்ள தபாலில் அனுப்புங்கள்.

எப்போதாவது பொலிஸ் கைதோ வழக்கோ இருந்திருந்தால், வழக்குத் தள்ளுபடியானாலும், நீதிமன்றத்தின் அத்தாட்சிப் பிரதி வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. ஊரிலோ அங்கேயோ “போர்ம் நிரப்பித் தருவேன்” என்பவர் சட்டத்தரணி அல்ல.

போட்டபின்: கார்ட், பயணம், பிள்ளைப்பேறு

பெற்றுக்கொண்டதற்கான ஐ-797 கடிதம் சில வாரங்களில் வரும். 2023 ஜனவரியிலிருந்து அது கார்ட்டின் காலத்தை 48 மாதம் நீடிக்கிறது. முடிவு வர ஒரு வருடத்தைத் தாண்டுவது வழக்கம், இரண்டைத் தாண்டுவதும் உண்டு. அதுவரை காலாவதியான கார்ட்டும் இந்தக் கடிதத்தின் மூலமும் சேர்ந்துதான் உங்கள் கிரீன் கார்ட். வேலையிடத்திலும், சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் இடத்திலும், கட்டுநாயக்காவில் செக்-இன் மேசையிலும் இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கடிதத்தை மடித்துப் பணப்பையில் வைத்துக் கிழித்துவிடாதீர்கள். பிரதியைப் பார்த்து விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். ஊரில் வைத்துக் கார்ட் தொலைந்தால், கொழும்புத் தூதரகத்தில் ஐ-131ஏ மூலம் விமானம் ஏறுவதற்கான அனுமதி கேட்க வேண்டும்.

வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றத்தை அறிவிக்க வேண்டும். ஏஆர்-11 படிவம், இணையத்திலேயே செய்யலாம். கைரேகைக்கு அழைக்கும் கடிதமும் மேலதிக ஆதாரம் கேட்கும் கடிதமும் பழைய முகவரிக்குப் போய், பதில் இல்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது நடக்கிறது. கைரேகை எடுப்பது அமெரிக்காவுக்குள் மட்டும். சிலருக்குப் பழைய கைரேகையையே பயன்படுத்துவார்கள், கடிதம் அதைச் சொல்லும்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வருவது நம் வழக்கம். வருவதானால் மூன்றைக் கணக்கில் எடுங்கள். 90 நாள் வாசல் அந்தக் காலத்தில் வருகிறதா? ஆறு மாதத்தைத் தாண்டினால் குடியுரிமைக்கான தொடர் வதிவிடக் கணக்கில் கேள்வி எழும். ஒரு வருடத்தைத் தாண்டுவதானால் புறப்படுமுன்னே, அமெரிக்காவில் நிற்கும்போதே, மீள்நுழைவு அனுமதிக்கு ஐ-131 போட வேண்டும். கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், திருகோணமலையில் பிறக்கும் பிள்ளைக்கும் அந்தக் குடியுரிமை கிடைக்கலாம். பொதுவாக அவர் ஐந்து வருடம் அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருடம் 14 வயதுக்குப் பிறகு. அதைத் தூதரகத்தில் பதிந்து, பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுத்த பிறகே திரும்பலாம். அந்த நாட்களையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அவர் கையெழுத்துப் போட மறுத்தால்

இந்தப் பகுதியைப் பெற்றோரும் படிக்க வேண்டும். “நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்” என்று சொல்லி அடிப்பதும், சம்பளத்தைப் பறிப்பதும், அம்மாவோடு பேச விடாமல் வைப்பதும் நடக்கிறது. அவர் சொல்வது உண்மையில்லை. உங்கள் கிரீன் கார்ட்டை அவரால் ரத்துச் செய்ய முடியாது. அவருடைய கையெழுத்து இல்லாமலே ஐ-751 போடச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

நல்லெண்ணத்தோடு கலியாணம் கட்டி விவாகரத்தில் முடிந்திருந்தால் ஒரு வழி. அடி உதைக்கோ கடும் கொடுமைக்கோ ஆளாகியிருந்தால் ஒரு வழி, இதற்கு விவாகரத்துத் தேவையில்லை, அவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருந்தாலும் போடலாம். துணை இறந்துவிட்டால் ஒரு வழி. நாட்டை விட்டு அனுப்பினால் மிகக் கடும் துன்பம் வரும் என்று காட்டுவது இன்னொரு வழி, அந்தத் துன்பத்துக்கான காரணம் நிபந்தனைக் காலத்துக்குள் எழுந்ததாக இருக்க வேண்டும். இவற்றுக்கு 90 நாள் வாசல் கிடையாது. நிபந்தனை வதிவிடம் கிடைத்த பிறகு எப்போதும் போடலாம்.

எந்த வழியானாலும் கலியாணம் உண்மையானது என்ற ஆதாரம் வேண்டும். அதனால்தான் முதல் மாதத்திலிருந்தே கோப்பின் பிரதி உங்கள் கையிலும் இருக்க வேண்டும் என்கிறோம். மாதம் ஒருமுறை படம் எடுத்து, கணவருக்குக் கடவுச்சொல் தெரியாத மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். கொடுமையைக் காட்ட பொலிஸ் அறிக்கை, வைத்தியரின் குறிப்பு, காயத்தின் படம், மிரட்டிய குரல் செய்தி, உளவள ஆலோசகரின் கடிதம், அக்காலத்தில் நீங்கள் அழுது சொன்னதைக் கேட்டவரின் சத்தியக்கடதாசி எல்லாம் உதவும். பொலிஸுக்குப் போகவில்லை என்பதால் வழி அடைபடாது. கடிதங்களை வேறு பாதுகாப்பான முகவரிக்கு வரச் செய்யுங்கள். நீங்கள் கொடுக்கும் விபரத்தை அவருக்குச் சொல்லத் திணைக்களத்துக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. அவசரத்துக்கு 911. ஆலோசனைக்கு தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, அங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

விவாகரத்து வழியில் இறுதித் தீர்ப்பின் பிரதியைக் கேட்பார்கள். கலியாணம் திருகோணமலையில் பதியப்பட்டதென்றாலும், நீங்கள் வாழும் மாநிலத்தின் வதிவிடக் காலம் நிறைந்திருந்தால் அங்கேயே விவாகரத்துக் கேட்கலாம். ஊர் மாவட்ட நீதிமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்து போட்ட விண்ணப்பம் நடக்கும்போது பிரிந்துவிட்டால், தீர்ப்புப் பிரதியை அனுப்பி, அதே விண்ணப்பத்தைத் தனி வழிக்கு மாற்றக் கேட்கலாம். நிராகரித்தாலும் குடிவரவு நீதிபதி முன் மறுபரிசீலனை கேட்கும் உரிமை உண்டு.

ஊரில் உள்ள அம்மா அப்பாவுக்கு: பிள்ளை போன் எடுக்கும்போது “பொறுத்துக்கொண்டு இரு, கார்ட் வரட்டும்” என்று சொல்லாதீர்கள். கார்ட்டுக்காகப் பொறுக்க வேண்டிய தேவை சட்டத்தில் இல்லை.

நேர்காணலும் குடியுரிமையும்

கோப்பு நிறைவாக இருந்தால் நேர்காணல் இல்லாமலே முடிவு வருவதுண்டு. அழைத்தால், சேர்ந்து போட்டவர்கள் இருவரும் போக வேண்டும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அன்றுவரை சேர்ந்த புதிய தாள்களையும் கொண்டு போங்கள். தமிழில்தான் பேச முடியும் என்றால், குடும்பத்தவர் அல்லாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். கேள்விகள் வீட்டு விஷயங்கள்தான்: வாடகை எவ்வளவு, காலையில் யார் முதலில் எழும்புவது, மாமனாருக்கு என்ன வேலை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒருவர் ஊகித்துச் சொன்னது மற்றவர் சொன்னதோடு மாறுபட்டால் அதுதான் குறிப்பில் ஏறும்.

அமெரிக்கக் குடிமகனோடு சேர்ந்து வாழ்ந்து மூன்று வருட வதிவிடம் நிறைபவர்கள் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போடலாம், அந்த நாளுக்கு 90 நாள் முன்பிருந்தே. ஐ-751 முடிவாகக் காத்திருக்க வேண்டாம். இரண்டும் நிலுவையில் இருந்தால் பல சமயம் ஒரே நேர்காணலில் இரண்டையும் பார்த்துவிடுவார்கள், அப்போது துணையும் கூட வர வேண்டும். என்-400 இணையத்தில் போட்டால் 710 டொலர், தாளில் 760. மூன்று வருட வழியில் போட்டவருக்குத் துணையோடு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்திருப்பது நிபந்தனை. பிரிந்துவிட்டவர்கள் ஐந்து வருடக் கணக்குக்குப் போக வேண்டும்.

பத்து வருடக் கார்ட் தபாலில் வந்ததும் பெயரின் எழுத்து, பிறந்த திகதி, “வதிவிடம் தொடங்கிய நாள்” மூன்றையும் பாருங்கள். அந்த நாள் நீங்கள் முதலில் இறங்கிய நாளாகவே இருக்க வேண்டும், நிபந்தனை நீங்கிய நாளாக அல்ல. மாறியிருந்தால் குடியுரிமைக் கணக்குப் பிந்திவிடும். திணைக்களத்தின் பிழை என்று குறித்து ஐ-90 போட்டால் கட்டணம் இல்லாமல் திருத்தித் தருவார்கள். ஐ-751 கோப்பின் பிரதியைக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை வைத்திருங்கள். என்-400 நேர்காணலில் அதே தாள்களைத் திரும்பக் கேட்கலாம்.